பதினேழாம் எண்ணுக்கு இரண்டாவது பெட்டி

சூசை திருடவில்லை. ஏரியில் நாங்கள் வைத்திருந்த கருவியை அவர் திறக்கவில்லை, யாருக்கும் திறந்துவிடவும் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் வேலையை இழந்து ஊரை விட்டுப் போனார். நான் பதவி உயர்வு வாங்கி, சால்வையும் மாலையுமாக ஓய்வு பெற்றேன்.

இத்தனை காலம் கழித்து இதை எழுதுவதற்கு நித்யா காரணம். என்னிடம் வேலை பழகியவர், இப்போது பொறுப்பான இடத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். உத்திரமேரூர் வட்டார ஏரிகளில் மறுபடியும் கம்பியில்லா உணர்கருவிகள் வைக்கப் போகிறார்களாம். போலிக் கருவி ஒன்று வலைக்குள் நுழைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டுமாம். "இந்தப் பக்கத்துலயே மொதல்ல ஒண்ணைப் பிடிச்சது நீங்கதானே சார்" என்றார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் கிண்டியில் பொறியியல் படித்தவன். படித்து முடித்ததும் கம்பியில்லாத் தகவல் பிரிவில் சேர்ந்து, கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கியதில் இளமை போயிற்று. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேலையின் கடைசிப் பகுதியில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தேன். எங்கள் ஊர்ப்பக்க ஏரிகளின் நீர்மட்டத்தைக் கருவிகள் மூலம் அறியும் திட்டம் அது. சொந்த வட்டாரம் என்பதால் களப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு ஏரியிலும் மதகு அருகே ஒரு கம்பம் நட்டு, டிபன் பாக்ஸ் அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பொருத்தினோம். அதன் தலையில் உள்ளங்கை அகலச் சூரியத் தகடு, காலடியில் தண்ணீருக்குள் ஒரு உணரி. பெட்டி தன் ஏரியின் ஆழத்தைப் பக்கத்து ஏரிப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி எங்கள் கள அறைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் சென்னை அலுவலகத்துக்குப் போகும்.

ஆழத்தைத் தெரிந்துகொள்ள ஏன் இத்தனை பாடு என்றால், செய்யாற்றிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை ஏரிகள் முறை வைத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஏரி வற்றியிருக்கிறதோ அதற்கு முதல் முறை. இதில் சண்டை வராத ஆண்டு கிடையாது. கடைசியில் ஏரிச் சங்கங்கள் எல்லாம் கூடி, மனிதர் பேச்சு வேண்டாம், பெட்டி சொல்வதைக் கேட்போம் என்று ஒத்துக்கொண்டன. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. தண்ணீர் பெட்டியின் பேச்சில் இருக்கிறது என்றால், பெட்டியைப் பொய் பேச வைக்க யாராவது முயல்வார்கள்.

அதற்கு வழியும் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், ஒரு ரகசியக் குறி. விவரம் தெரிந்தவன் பெட்டியைத் திறந்து அந்த இரண்டையும் நகலெடுத்து, வேறொரு பெட்டியில் ஏற்றி எங்கோ வைத்துவிட்டால், வலை அதையும் தன் பிள்ளையாகவே நினைக்கும். அதைப் பிடிக்க நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. ஒரு பெட்டி பேசினால், அதைக் கேட்ட பக்கத்துப் பெட்டி, 'இந்த எண்ணை நான் இந்த இடத்திலிருந்து கேட்டேன்' என்று சாட்சி சொல்லும். சாட்சிகள் வலைக்குள் ஓரிடத்தில் ஒப்பிடப்படும். கம்பத்தில் பொருத்திய பெட்டி ஒரே சமயத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது. அப்படி இருப்பதாகச் சாட்சி வந்தால், ஒன்று நகல்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. இரண்டு இருக்கின்றன என்று அது சொல்லும், எது அசல் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எண்ணும் குறியும் ஒன்றாக இருக்கும்போது அசல் என்றும் நகல் என்றும் வலைக்கு வித்தியாசமில்லை. ஆகவே இரண்டையும் வலையிலிருந்து வெட்டிவிடுவதுதான் விதி.

அந்த விதிகளை வகுத்தவர் எங்கள் திட்டத் தலைவி. நாங்கள் எல்லோரும் மேடம் என்றே சொல்வோம். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நின்றுகொண்டு சொல்லும் தகவலை அவர் வாங்கமாட்டார். உட்கார வைப்பார், மின்விசிறியைக் குறைப்பார், ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னதும் அதே கேள்வியை இன்னொரு முறை, கொஞ்சம் நிதானமாகக் கேட்பார். பாதிப் பேர் இரண்டாவது முறையில் பதிலை மாற்றிக்கொள்வார்கள். யாராவது "இருக்கலாம் மேடம்" என்று இழுத்தால், "இருக்கலாம்ங்கறதைச் செருப்போட வெளியில விட்டுட்டு வாங்க" என்பார்.

நகல் எச்சரிக்கை வந்தால் செய்யவேண்டியதை அவர் வரிசையாகச் சொல்லியிருந்தார். முதலில் நம் பெட்டிகளை எல்லாம் கையால் தொட்டு எண்ண வேண்டும், பழுதானதையும் சேர்த்து. பிறகு இரண்டு குரலையும் வெட்ட வேண்டும். பிறகு ஆளனுப்பி இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை எந்த மனிதர் பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது. "பெட்டியைப் பத்திப் பேசுங்க, ஆளைப் பத்திப் பேசாதீங்க" என்பார்.

அவருடைய இன்னொரு விதியை நான் மீறியிருந்தேன். ஒரு எண் ஒரே ஒரு பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்பது அது. ஐப்பசி இடியில் எங்கள் பெட்டிகள் அடிக்கடி கருகும். புதுப் பெட்டிக்குப் புது எண் வாங்கச் சென்னைக்கு எழுதி, ஒப்புதல் வந்து, சாட்சிப் பெட்டிகளுக்கெல்லாம் அறிமுகம் செய்து முடிப்பதற்குள் சங்கத்துக்காரர்கள் கள அறைக்கு வந்து சத்தம் போடுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. இடி அதிகம் விழும் சில ஏரிகளுக்கு, அதே எண்ணையும் அதே குறியையும் ஏற்றி மாற்றுப் பெட்டிகளை நானே தயார் செய்து வைத்துக்கொண்டேன். ஒன்று கருகினால் கழற்றிவிட்டு மற்றதை மாட்டிவிடலாம். யாரிடமும் சொல்லவில்லை. அவற்றைக் கள அறையில் இருந்த இரும்பு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தேன்.

தண்ணீர் புகாமல் இருக்க எங்கள் பெட்டிகளில் வெளியே சுவிட்ச் கிடையாது. பக்கவாட்டில் ஒரு காந்தத் துண்டை ஒட்டினால் பெட்டி தூங்கும். காந்தத்தை எடுத்தால் விழித்துக்கொண்டு பேசத் தொடங்கும். மாற்றுப் பெட்டிகளிலும் காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டிய காந்தத்தை இரும்பு டிரங்குக்குள் வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை படித்தவனுக்குத் தோன்றவில்லை.

பதினேழாம் எண் ஏரி உத்திரமேரூருக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பெட்டியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வைத்த ஆள் சூசை. நிலமில்லாதவர். அதுவரை அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கியும் அறுத்தும் பிழைத்தவர். புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்றை நாங்கள் கொடுத்தோம். அதைச் சட்டைக்கு மேலே தெரியும்படி மாட்டிக்கொண்டுதான் ஏரிக்கரையில் நடப்பார். தினமும் காலையில் முட்டியளவு தண்ணீரில் இறங்கிப் போய்த் தகட்டில் கிடக்கும் கொக்கு எச்சத்தைத் துடைப்பார். கரையில் துணி துவைக்கும் பெண்கள் விடமாட்டார்கள்.

"இன்னா சூசையண்ணே, சின்ன வூட்டக் குளிப்பாட்டி ஆச்சா?"

"ஆச்சும்மா. பெரிய வூடுதான் இன்னும் எழுந்திரிக்கல" என்பார் அவர்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. செய்யாற்றில் கொஞ்ச நாள் மட்டும் தண்ணீர் ஓடியது. கால்வாய் முறைக்கு எல்லா ஊரும் வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு காலை வலை எச்சரிக்கை கொடுத்தது. பதினேழாம் எண் இரண்டு இடத்தில் பேசுகிறது. ஏரியிலிருந்து வரும் குரல் அரை ஏரித் தண்ணீர் என்கிறது. இன்னொரு குரல் பக்கத்து ஏரியின் பெட்டிக்குக் கேட்கிறது, ஏரி காலி என்கிறது. ஏரி காலி என்றால் முதல் முறை அதற்குத்தான். நகலெடுக்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. சென்னையில் இருந்த இளைஞர்கள் பரபரத்துப் போனார்கள். படித்து மட்டுமே அறிந்திருந்த தாக்குதல் நேரில் வந்துவிட்டதே.

மேடம் கூப்பிட்டார். "நம்ம பெட்டிகளை எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன் மேடம்."

"எல்லாத்தையும்... கையால தொட்டு... எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன் மேடம்" என்றேன்.

நான் எண்ணவில்லை. டிரங்கில் இருப்பவை அவர் கணக்கில் இல்லாதவை. அவற்றைச் சொல்லாமல் எண்ணிக்கை சொல்ல முடியாது. அவை தூங்குகின்றன என்றும் நம்பினேன்.

விதிப்படி இரண்டு குரலையும் வெட்டினோம். வெட்டிய குரல் கணக்கில் சேராது, ஆனால் சாட்சிப் பெட்டிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நான் ஏரிக்குப் போனேன். பதினேழாம் பெட்டியின் மூடித் திருகுகளைச் சுற்றி கீறல் இருந்தது. சங்கத் தலைவரும் கூட வந்திருந்தார். அவருக்கு ஏரிக்குக் கீழே நிறைய நிலம். நான் பெட்டியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஆளைப் பற்றிப் பேசினேன்.

"இதைத் திறந்தது யாரு சூசை?"

"யாரும் தொறக்கல சார். கொளவி மண்ணுகூடு கட்டிகினு இருந்துச்சி, கத்தியால சொரண்டி எடுத்தேன். அவ்ளோதான்."

"உன் மாமியார் வீடு எந்தப் பக்கம்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். இரண்டாவது குரல் கேட்ட அதே பக்கம். எங்கள் கள அறையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அது அப்போது என் மனதில் உறைக்கவே இல்லை.

தலைவர் சிரித்தார். "பொட்டிக்குக் காவல் வெச்சா, காவக்காரனே பொட்டிய வித்துட்டான். யாராண்டடா குடுத்த?"

"மாதா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் சூசை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

திருகுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதற்கான கருவி டிரங்கில் இருந்தது. கள அறைக்கு வந்து டிரங்கைத் திறந்தேன். துணிக்கடியில் ஒரு சிறு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒட்டியிருந்த டேப் வியர்த்துக் கழன்று தொங்கியது. காந்தம் டிரங்கின் இரும்புச் சுவரில் போய் ஒட்டியிருந்தது, மூடி ஒரு மூலையில் நெளிந்திருந்ததால் குரலும் வெளியே போயிருக்கிறது. தண்ணீரே தொடாத அந்தப் பெட்டி தன் அறிவுக்கு எட்டிய உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது: தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை. அதன் மேல் என் கையெழுத்தில் பதினேழு என்று எழுதியிருந்தது.

காந்தத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். விளக்கு அணைந்தது.

அந்த நிமிடத்தில்கூட எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் எனக்கு முன்னால் சென்னையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். "சார், நகல் நின்னுடுச்சு. நீங்க விசாரிச்சதும் நின்னுடுச்சு" என்றார்கள், சந்தோஷமாக. தலைவருக்கும் சேதி போயிற்று. "பாத்தீங்களா, கேட்ட ஒடனே பயந்து புடுங்கிட்டான்" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நான் காந்தம் வைத்ததே சூசைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வேறு சாட்சி யாரும் தேடவில்லை.

மேடம் மட்டும் கேட்டார். "ஏன் நின்னுது?"

"பயந்திருப்பாங்க மேடம்."

இரண்டாவது முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. "இருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான். என்னை நம்பியதால் சொன்னார்.

மாற்றுப் பெட்டிகளின் எண்களை அழித்துவிட்டேன். சூசையின் அட்டையைத் திரும்ப வாங்கினோம். பதினேழாம் எண் வெட்டப்பட்டே கிடந்தது. விசாரணை முடியும்வரை குரல் இல்லாத ஏரிக்கு முறை இல்லை என்று சங்கங்கள் முடிவு செய்தன, அதற்கு வரவேண்டியிருந்த முறைத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போயிற்று. விசாரணை முடிவதற்குள் ஆற்றில் ஓட்டம் நின்றது. இருந்த அரை ஏரித் தண்ணீரும் தீர்ந்து, பதினேழாம் ஏரிக்குக் கீழே சம்பாப் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்து பதரானது. அடுத்த போகமான நவரைக்கு யாரும் நாற்றே விடவில்லை.

நிலம் வைத்திருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். சூசையின் தெருவில் இருந்தவர்களுக்கு அறுப்பு இல்லை, நடவு இல்லை. வேலூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தண்ணீர் போனதற்குச் சூசைதான் காரணம் என்று அவர் தெருவே நம்பியது. அண்ணன் சின்னப்பன் அவரோடு பேச்சை நிறுத்தினார். மாதா தேருக்குத் தோள் கொடுக்க வந்தவரை விலகச் சொன்னார்களாம்.

ஊரை விட்டுப் போவதற்கு முன் சூசை ஒருமுறை கள அறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கைகூப்பினார். "சார், நீங்க படிச்சவரு. அந்த மிஷின்ல நல்லா பாத்து, நான் இல்லன்னு ஒரு வார்த்தை எங்க தெருவுல வந்து சொல்லுங்க சார். அது போதும்."

அவர் கண்ணுக்கு நேரே, மேசைக்கு அடியில் அந்த டிரங்கு இருந்தது. "பார்க்கிறேன் சூசை" என்றேன்.

பிறகு வந்த ஆண்டுகளில், களத்தில் நகல் கருவியைப் பிடித்தவன் என்று பல கூட்டங்களில் படம் போட்டுப் பேசினேன். கைதட்டினார்கள்.

நித்யா கூப்பிட்ட மறுநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்தப் பாடத்தைப் பயிற்சியிலேர்ந்து நீக்கிடட்டுமா சார்?" என்று கேட்டார். நீக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி வையுங்கள் என்றேன். பிறகு மேடத்தைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கிட்டே உட்கார்ந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் தப்பை நான் அவ்வளவு உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை. "ரெண்டு தடவை கேட்டேனே" என்றார்.

சூசை வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் இருப்பதாகப் பங்குச் சாமியார் மூலம் தெரிந்தது. போனேன். களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் துண்டை உதறி, களத்தோரத்தில் விரித்து உட்காரச் சொன்னார். அவர் மனைவி ஆரோக்கியமும் வந்து பக்கத்தில் நின்றார். டிரங்கு, காந்தம், பச்சை விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

சூசை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பண்ணலன்னு எனக்குத்தான் தெரியுமே சார்" என்றார் கடைசியில்.

ஆரோக்கியம் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன் சார். இவரு உங்களாண்ட வந்து கைய கூப்பிகினு நின்னாரே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லைக் கிளறப் போய்விட்டார்.

தெருவில் வந்து சொல்லட்டுமா என்று சூசையிடம் கேட்டேன். "எங்க அண்ணன் உசுரோட கீறாரு. அவரு காதுல வுழட்டும்" என்றார். கூட வரமாட்டேன் என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாமியார் அனுமதியோடு, மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். சின்னப்பன் முதல் வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூசைமேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று முடித்தேன். சூசையின் பெயரைத் துடைத்துவிட்டதாக நினைத்தேன். யாரும் கோபப்படவில்லை.

பின்னால் இருந்து ஒரு பெண்மணி எழுந்தார். அந்த ஆண்டு சூளைக்குப் போன குடும்பங்களில் ஒன்று அவருடையது என்று பிறகு சொன்னார்கள். போன இடத்தில் காய்ச்சல் கண்டு கணவரை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவர்.

"அப்போ அந்த மொறை தண்ணி எங்க ஏரிக்குத்தானா சார் வந்துருக்கணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்கு நானே ஒரு தடவைகூட கேட்டுக்கொண்டதில்லை. ஒரு மனிதருக்குச் செய்த துரோகம் என்றே அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சின்னப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் எழுந்து, என்னைத் தாண்டி நடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார். வாலாஜாபாத்துக்குத்தான் போனார்.

இந்த ஆண்டு மாதா திருவிழாவுக்குச் சூசை வந்தார். தேரின் வலப்பக்கம் அண்ணனுக்குப் பின்னால் தோள் கொடுத்தார். நான் சாலையோரம் நின்று பார்த்தேன். தேர் நிலைக்கு வந்தபின் அவரே என்னிடம் வந்தார். தோளில் கட்டை அழுத்திய இடம் சிவந்திருந்தது. இனிமேல் ஊரோடு வந்துவிடலாமே என்று கேட்டேன்.

"இல்ல சார். இங்க எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாலே பாவம்னு சொல்றாங்க" என்றார். "அங்க மில்லுல நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அது நல்லாகீது."

வாலாஜாபாத் பேருந்து வந்தது. அண்ணன் வாங்கிக் கொடுத்த பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.